அடைச்சாச்சு, அப்புறம்?

"ஆபரேஷன் இல்லாமலேயே ரத்தத்தை அடைச்சாச்சும்மா, இனி பயமில்லை." விபத்தில் கல்லீரல் கிழிந்து வந்தவருக்கு எம்போலைசேஷன், அதாவது ரத்தம் கசியும் தமனியை உள்ளிருந்தே அடைக்கும் சிகிச்சை, முடிந்ததும் கேத் லேப் (தமனிக்குள் குழாய் விட்டு எக்ஸ்ரே திரையில் பார்த்து வேலை செய்யும் அறை) வாசலில் உறவினரிடம் வழக்கமாகச் சொல்லப்படுகிற வாக்கியம் இது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. பைக் ஹேண்டில்பார் மேல்வயிற்றில் குத்தி, வலப்பக்க விலா எலும்புகள் உடைந்து, வயிறு நிறைய ரத்தத்தோடு வந்த ஒருவர், வயிற்றில் கத்தி படாமல், தொடை இடுக்கில் 2 மி.மீ. துளையோடு ஐ.சி.யு.வுக்குப் போகிறார் என்றால் அது பெரிய காரியம்தான். உறுத்துவது அந்த வாக்கியத்தின் பிற்பாதி. அது உறவினரின் காதோடு நிற்பதில்லை, கேஸ் ஷீட்டுக்குள்ளும் புகுந்துவிடுகிறது. 6 மணிக்கொரு முறை பார்த்த ஹீமோகுளோபின் நாளுக்கு ஒன்றாகிறது. மறு சி.டி.க்கு யாரும் தேதி எழுதுவதில்லை. ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தால் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கிறார்கள், யூரினைக் கல்ச்சருக்கு அனுப்புகிறார்கள். கல்லீரலை யாரும் சந்தேகிப்பதில்லை, அதைத்தான் அடைத்தாயிற்றே.

கல்லீரல் காயத்தில் எம்போலைசேஷன் சிகிச்சையின் பாதிவழியில் வருகிற ஒரு கட்டம். அதற்கு முன்னால் செய்கிற தேர்வு பிசகினால் நோயாளி கேத் லேப் மேஜையிலேயே போய்விடுவார். பின்னால் வருகிற கவனிப்பு பிசகினால் இரண்டு வாரம் கழித்துப் போவார். கதீட்டர் (தமனிக்குள் விடும் மெல்லிய குழாய்) வேலை நடுவில் ஒரு மணி நேரம். அதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள்.

ஏன் இந்த வைத்தியம் பலிக்கிறது?

கல்லீரலுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் ரத்தம் போகிறது. அதில் முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக, கால் பங்கு ஹெபாடிக் (கல்லீரல்) தமனி வழியாக. ஆனால் ஆக்சிஜனில் இரண்டும் ஏறக்குறைய ஆளுக்குப் பாதி கொடுக்கின்றன. அழுத்தக் கணக்கு வேறு. போர்ட்டல் சிரையில் 5 முதல் 10 மி.மீ. பாதரசம். கல்லீரலிலிருந்து வெளியேறும் ஹெபாடிக் சிரைகளில் அதைவிடக் குறைவு. தமனியில் கையில் கட்டி அளக்கிற அதே பிரஷர். ஆகவே சிரைக் கசிவுகளில் பெரும்பாலானவற்றைக் கல்லீரலின் உறையும் சுற்றி உறைந்த ரத்தமும் விலாக்கூண்டும் சேர்ந்து அழுத்தித் தாமாகவே நிறுத்திவிடும். தமனிக் கசிவு அந்த அழுத்தத்துக்கெல்லாம் அடங்காது. பிரஷர் நிலையாக இருக்கிறவர்களைக் கத்தியில்லாமல் வைத்துப் பார்த்தால் பத்தில் எட்டு, ஒன்பது பேர் தேறிவிடுவதற்கும், மிச்சமிருக்கிறவர்களில் பலருக்கு ஒரு தமனிக் கிளையை அடைத்தால் போதும் என்பதற்கும் காரணம் இந்த அழுத்தக் கணக்குதான்.

தமனியை அடைத்தாலும் கல்லீரல் செல்கள் போர்ட்டல் ரத்தத்தில் பிழைத்துக்கொள்ளும். பித்தநாளங்களுக்கு அந்த வசதி கிடையாது. அவற்றுக்கு ரத்தம் தமனியிலிருந்து மட்டுமே வருகிறது, பித்தப்பைக்கும் அப்படியே. எம்போலைசேஷனுக்குப் பிறகு வருகிற சிக்கல்களில் பல பித்தம் சம்பந்தப்பட்டவையாக இருப்பதை இந்த உடற்கூறோடு சேர்த்துப் படித்தால் ஆச்சரியமிருக்காது.

கத்தி எடுக்காமல் காத்திருக்கும் துணிச்சல் முதலில் குழந்தைகளின் மண்ணீரலில்தான் வந்தது. டொரொன்டோ குழந்தைகள் மருத்துவமனையின் அனுபவத்தை 1968ல் எழுதிய இருவரில் ஒருவர் உபாத்யாயா, பின்னாளில் டெல்லி எய்ம்ஸில் குழந்தைகள் அறுவைசிகிச்சைத் துறையை வளர்த்தவர். மண்ணீரல் காயத்துக்கு உடனே மண்ணீரலை எடுத்துவிடுவதே தர்மம் என்றிருந்த காலம் அது. அங்கிருந்து கல்லீரலுக்கும், குழந்தைகளிடமிருந்து பெரியவர்களுக்கும் இந்தப் பழக்கம் வந்துசேரச் சில பத்தாண்டுகள் ஆயின. நல்ல சி.டி. வந்த பிறகுதான் அதற்கு முழுத் தைரியம் கிடைத்தது.

சி.டி. கன்சோல் முன்னால்

எல்லாம் தீர்மானமாகிற இடம் கேத் லேப் இல்லை. சி.டி. அறைக்குப் பக்கத்துக் கண்ணாடி அறை. அங்கே படங்கள் ஓடும் சில நிமிடங்களில்தான் ட்ராலி எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று முடிவாகிறது: தியேட்டரா, கேத் லேப்பா, ஐ.சி.யு.வா. இங்கே நடக்கிற தவறுகள் சாதாரணமானவை. அதனாலேயே அடிக்கடி நடக்கின்றன.

முதல் தவறு படம் எடுக்கும் முறையில். ‘ட்ராமா சி.டி.’ என்று கேட்டால் பல இடங்களில் போர்ட்டல் கட்டம் (ஏற்றிய மருந்து போர்ட்டல் சிரைக்கு வந்த பிறகு எடுக்கும் படம்) மட்டும் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அதில் கிழிசல் அழகாகத் தெரியும், கிரேடு (காயத்தின் கடுமைக்கான எண்) போடலாம். ஆனால் ரத்தம் எந்தக் குழாயிலிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்காது. குறைந்தது இரண்டு கட்டங்கள் வேண்டும். கான்ட்ராஸ்ட் (ரத்தத்தைப் படத்தில் வெள்ளையாகக் காட்டும் மருந்து) ஏற்றத் தொடங்கி சுமார் 30 நொடியில் தமனிக் கட்டம், சுமார் 70 நொடியில் போர்ட்டல் கட்டம். சந்தேகமிருந்தால் 3 முதல் 5 நிமிடத்தில் இன்னொன்று. கான்ட்ராஸ்ட் நொடிக்கு 4 மி.லி. வேகத்தில் போகவேண்டும். அதற்கு முழங்கை மடிப்பில் அகலமான 18 கேஜ் வென்ஃப்ளான் ஊசி தேவை. புறங்கையில் போட்ட நீல நிற 22 கேஜ் ஊசியோடு நோயாளியை அனுப்பினால் அந்த வேகம் தாங்காது. மெதுவாக ஏற்றுவார்கள், தமனிக் கட்டம் மங்கலாக வரும், ‘கசிவு இல்லை’ என்று ரிப்போர்ட் வரும். காஷுவல்ட்டியில் ஊசி குத்தும் நர்ஸுக்கு இது தெரிந்திருக்கவேண்டும். தெரிந்திருக்கிற மருத்துவமனைகளில் படம் வேறு மாதிரி வருகிறது.

இரண்டு கட்டங்களும் கையில் இருந்தால் ஒரே மட்டத்தை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கவேண்டும். தமனிக் கட்டத்தில் கிழிசலுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 நொடி கழித்து அது பெரிதாகி, உருவம் மாறி, ஓரங்கள் கரைந்து பரவியிருந்தால் ரத்தம் இந்த நிமிடம் வெளியேறிக்கொண்டிருக்கிறது. அளவும் உருவமும் மாறாமல், பெருந்தமனி மங்கும்போது தானும் சேர்ந்து மங்கினால் அது சூடோ அனூரிசம். அதாவது தமனிச் சுவர் கிழிந்து, வெளியே வந்த ரத்தத்தைச் சுற்றியுள்ள திசு தற்காலிகமாகப் பிடித்து வைத்திருக்கிற பை. தமனிக் கட்டத்தில் ஒன்றுமே இல்லாமல் போர்ட்டல் கட்டத்தில் மட்டும், அதுவும் ஹெபாடிக் சிரைக்கோ கீழ்ப் பெருஞ்சிரைக்கோ ஒட்டித் தெரிந்தால் கசிவது சிரை. இந்த மூன்றாவது நோயாளியை கேத் லேப்புக்கு அனுப்புவதில் பயனில்லை. தமனி ஆஞ்சியோ (தமனிக்குள் கான்ட்ராஸ்ட் விட்டு எடுக்கும் படம்) சுத்தமாக இருக்கும், நேரம் மட்டும் போயிருக்கும். புள்ளியின் அடர்த்தியையும் அளந்துவிடுவது நல்லது. உறைந்த ரத்தம் 45 முதல் 70 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகுக்குள் நிற்கும். கசியும் கான்ட்ராஸ்ட் அதைத் தாண்டிப் பெருந்தமனிக்கு அருகில் போகும். உடைந்த விலா எலும்பின் துணுக்கும் வெள்ளையாகத்தான் தெரியும், ஆனால் எந்தக் கட்டத்திலும் மாறாது.

அடுத்த கேள்வி, ரத்தம் எங்கே போய்ச் சேர்கிறது. கல்லீரலுக்குள்ளேயே நிற்கிற கசிவும், உறையைத் தாண்டி வயிற்றறைக்குள் பீய்ச்சுகிற கசிவும் ஒன்றல்ல. அமெரிக்கக் காய அறுவைசிகிச்சைச் சங்கம் 2018ல் தன் கிரேடு அட்டவணையைத் திருத்தியபோது இதைச் சேர்த்தது. உள்ளேயே நிற்கும் கசிவோ சூடோ அனூரிசமோ இருந்தால் கிழிசல் சிறியதானாலும் கிரேடு 3. வயிற்றறைக்குள் போனால் கிரேடு 4. அதற்கு முன் கிரேடு என்பது பெரும்பாலும் கிழிசலின் ஆழமும் பரப்பும்தான். அந்தப் பழைய கணக்கை மனதில் வைத்துக்கொண்டு, ‘கிரேடு 2 மாதிரிதான் தெரிகிறது’ என்று வார்டுக்கு அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வயிற்றறைக்குள் பீய்ச்சும் கசிவுக்கு எதிர் அழுத்தம் கொடுக்க எதுவுமில்லை. இப்போது 110 காட்டுகிற பிரஷர் அரை மணியில் 70க்கு இறங்கலாம். அவரை எங்கே கொண்டுபோவதானாலும் உடனே கொண்டுபோகவேண்டும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. அதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. பிரஷர் நிலையாக இருக்கிறது, ஹீமோகுளோபின் இறங்கவில்லை, சி.டி.யில் கிரேடு 4 கிழிசல், ஆனால் எந்தக் கட்டத்திலும் கசிவு இல்லை. ‘எதற்கும் ஒரு ஆஞ்சியோ பார்த்துவிடலாம், வலது ஹெபாடிக் தமனியை அடைத்துவைத்தால் நிம்மதி’ என்று ஒரு குரல் எழும். அந்த நிம்மதி மருத்துவருக்குத்தான். நோயாளிக்குக் கிடைப்பது ஏற்கெனவே நசுங்கிய வலது மடலின் தமனி ரத்தம் மொத்தமும் துண்டிக்கப்படுவது. பால்டிமோரின் ஷாக் ட்ராமா மையம் 2009ல் வெளியிட்ட தொகுப்பில், கடுமையான கல்லீரல் காயத்துக்கு எம்போலைசேஷன் செய்த 71 பேரில் 30 பேருக்குக் கல்லீரலின் பெரும்பகுதி அழுகியது. பின்னால் வந்த தொகுப்புகளில் விகிதம் இதைவிடக் குறைவு. கிளையைத் தேடிப்பிடித்து அடைக்கிற பழக்கம் அதற்கு ஒரு காரணம். கசிவே தெரியாதபோது எந்தக் கிளையைத் தேடுவது? முன்னெச்சரிக்கை எம்போலைசேஷன் என்ற பேச்சு கல்லீரலில் எழக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. அப்படிப்பட்டவருக்கு வேண்டியது ஐ.சி.யு. படுக்கை, 6 மணிக்கொரு ஹீமோகுளோபின், 48 மணி நேரத்தில் மறுபடி ஒரு சி.டி.

சூடோ அனூரிசம் மட்டும் இதில் சேராது. சிறியதாக இருந்தாலும், நோயாளி தெம்பாக உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாலும், பெரியவர்களில் அதை அடைத்துவிடவேண்டும். தானாக மூடிக்கொள்ளும் என்று நம்பமுடியாது. வெடித்தால் பித்தநாளத்துக்குள்ளோ வயிற்றறைக்குள்ளோ வெடிக்கும்.

மேஜையில்

இதயப் பிரிவின் கேத் லேப்பைக் கடன் வாங்கி வேலை செய்கிற இடங்களில் முதல் தொல்லை டிடெக்டர், அதாவது எக்ஸ்ரே படம் பிடிக்கும் தகடு. இதயத்துக்கு 20 செ.மீ. அகலப் படம் போதும், கல்லீரல் அதில் முழுசாக அடங்காது. மேலோரம் ஒரு முறை, கீழோரம் ஒரு முறை என்று கான்ட்ராஸ்ட் இரட்டிப்பாகப் போகும். ஷாக்கில் இருக்கிற சிறுநீரகத்துக்கு அது நல்லதல்ல.

அல்ட்ராசவுண்ட் பார்த்துத் தொடைத் தமனியைக் குத்தி, 5 ஃப்ரெஞ்ச் ஷீத் (கதீட்டர் நுழைவதற்கான குட்டிக் குழாய்). கோப்ரா அல்லது சிம்மன்ஸ் வடிவக் கதீட்டரால், கல்லீரல் தமனி வழக்கமாகக் கிளம்பும் சீலியாக் தண்டில் ஒரு ஓட்டம் (கான்ட்ராஸ்ட் விட்டுத் தொடர்ந்து படம் எடுப்பது). கல்லீரலைப் பார்த்தாயிற்று என்று இத்தோடு நிறுத்துவது அடிக்கடி நடக்கும் தவறு. ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மேல், வலது ஹெபாடிக் தமனி குடலுக்குப் போகும் சுப்பீரியர் மெசென்டெரிக் தமனியிலிருந்து கிளம்பும். இடது ஹெபாடிக் தமனி இரைப்பையின் இடது தமனியிலிருந்து கிளம்புவதும் உண்டு. சீலியாக் ஓட்டத்தில் வலது மடல் வெறுமையாகத் தெரிந்தால், அதை ‘தமனி அடைபட்டிருக்கிறது’ என்று படிக்காமல் மெசென்டெரிக் தமனிக்குள் கதீட்டரைக் கொண்டுபோகவேண்டும். அந்த ஓட்டத்துக்கு இரண்டாவது பயனும் உண்டு. படம் எடுப்பதை நிறுத்தாமல் 20, 25 நொடி வரை விட்டால் குடலிலிருந்து திரும்பும் கான்ட்ராஸ்ட் போர்ட்டல் சிரையைக் காட்டும். போர்ட்டல் சிரை திறந்திருக்கிறதா என்று தெரியாமல் தமனியை அடைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குவதுதான். அது உறைந்தோ கிழிந்தோ இருந்தால், தமனியையும் அடைத்த பிறகு அந்தப் பகுதிக்கு ரத்தம் வர வழியே இருக்காது.

சி.டி.யில் தெளிவாக இருந்த கசிவு ஆஞ்சியோவில் தெரியாமல் போவதும் உண்டு. பிரஷர் 70ல் இருக்கும்போது தமனி சுருங்கிக் கசிவை நிறுத்திவைத்திருக்கும். ரத்தம் ஏற்றி பிரஷர் ஏறியதும் மறுபடி திறக்கும். கிளை ஒன்று வெட்டினாற்போல் திடீரென்று முடிந்தால் அதைக் கசிவாகவே கருதவேண்டும். மூச்சசைவில் படம் கலங்கினால் வென்டிலேட்டரைச் சில நொடி நிறுத்தச் சொல்லி மறுபடி எடுக்கலாம். சி.டி. காட்டிய கல்லீரல் செக்மென்டுக்குள் (பகுதிக்குள்) இன்னும் மெல்லிய மைக்ரோகதீட்டரைச் செலுத்தி அங்கிருந்து கான்ட்ராஸ்ட் விட்டுப் பார்த்தால், தூரத்திலிருந்து தெரியாத கசிவு பலநேரம் தெரியும்.

அடைக்கும் பொருளைத் தேர்ந்தெடுப்பதில் கைப்பழக்கம்தான் பெரும்பாலும் ஜெயிக்கிறது. நோயாளியின் ரத்தம் உறைகிறதா என்பதை முதலில் கேட்கவேண்டும். காயில் (இழைகள் கொண்ட சுருள் கம்பி) தானாக எதையும் அடைப்பதில்லை. அதன் இழைகளில் ரத்தம் உறைந்தால்தான் அடைப்பு. ஐ.என்.ஆர். 2.5, பிளேட்லெட் 40,000 என்று ரத்தம் உறையும் திறன் குறைந்திருக்கிறவருக்கு வரிசையாக நான்கு காயில் போட்டும் நடுவில் ரத்தம் ஓடிக்கொண்டிருப்பதைத் திரையில் பார்க்கலாம். அவருக்குப் பசைதான் சரி. பசைக்கு வேறு தொல்லைகள். உப்புநீர் பட்ட இடத்திலேயே இறுகும் என்பதால் மைக்ரோகதீட்டரை முதலில் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸால் கழுவவேண்டும். லிபியோடால் என்ற எண்ணெய்க் கான்ட்ராஸ்டுடன் ஒன்றுக்கு இரண்டு முதல் ஒன்றுக்கு ஐந்து வரை கலக்கலாம். லிபியோடால் கூடக்கூட மெதுவாக இறுகி ஆழமாகப் போகும். செலுத்தியதும் கதீட்டரைச் சட்டென்று உருவாவிட்டால் அது தமனியோடு ஒட்டிக்கொள்ளும். பழகாத கையில், நடுராத்திரியில், இது முதல் முறை செய்துபார்க்கிற வேலையல்ல.

ஜெல்ஃபோம் என்கிற ஜெலட்டின் பஞ்சு மலிவு, எங்கும் கிடைக்கும், சில வாரங்களில் கரைந்து தமனி மறுபடி திறக்கும். பல இடங்களில் கசிகிற, அவசரத்தில் இருக்கிற நோயாளிக்கு இன்றும் இதுதான் கை கொடுக்கிறது. கெடுப்பது அதைத் தயாரிக்கும் விதம். 1 முதல் 2 மி.மீ. துண்டுகளாகக் கத்தரித்துக் கான்ட்ராஸ்டில் ஊறவைத்தால் சரி. த்ரீ-வே இணைப்பு வழியாக இரண்டு சிரிஞ்சுக்கிடையே தள்ளித்தள்ளி மாவாக அரைத்துவிட்டால் அந்த மாவு பித்தநாளங்களைச் சுற்றியுள்ள நுண்குழாய் வலை வரை போய் உட்காரும். பித்தநாளம் சாகும். 300 மைக்ரானுக்கும் சிறிய துகள்களைக் காயத்தில் தவிர்ப்பதும் இதே காரணத்துக்காக. பித்தப்பைத் தமனி பெரும்பாலும் வலது ஹெபாடிக் தமனியிலிருந்துதான் பிரிகிறது. மைக்ரோகதீட்டரின் நுனி அந்தப் பிரிவைத் தாண்டியிருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் செலுத்தக்கூடாது.

சூடோ அனூரிசத்தை அடைக்கும்போது அதன் கழுத்தைக் கடந்து அப்பால் முதலில் ஒரு காயில், பிறகு பின்வாங்கி இப்பால் ஒன்று. கல்லீரலுக்குள் தமனிக் கிளைகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால், இப்பால் மட்டும் அடைத்தால் ரத்தம் சுற்றுவழியாக வந்து பையை மறுபடி நிரப்பும். அப்போது அங்கே போக வழியிருக்காது, வழியை நாமே அடைத்திருப்போம். மேஜையில் அவசரமாக, தூரத்திலிருந்தே ஒரு பெரிய காயிலைப் போட்டு ‘முடிந்தது’ என்பவர்கள் அடுத்து வருகிறவருக்குக் கொடுத்துவிட்டுப் போவது இந்த நிலைமையைத்தான்.

பிரஷர் நிற்காதவர்

மேலே சொன்னதெல்லாம் சி.டி. வரை தாங்குகிறவருக்கு. இரண்டு யூனிட் ரத்தம் போயும் மேல் பிரஷர் 90ஐத் தாண்டாமல், ஃபாஸ்ட் ஸ்கேனில் (வயிற்றில் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் அவசர அல்ட்ராசவுண்டில்) வயிறு முழுக்க ரத்தம் என்றால், அவருடைய இடம் தியேட்டர். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. கேத் லேப் தயாராக முக்கால் மணி ஆகும், வழியில் லிஃப்டுக்குக் காத்திருக்கவேண்டும், அந்த மேஜையில் வயிற்றைத் திறக்கமுடியாது. ஒசாகாவில் 2011ல் இந்தச் சிக்கலை வேறுவிதமாகத் தீர்த்தார்கள். அவசரப்பிரிவு அறையிலேயே சி.டி.யையும் ஆஞ்சியோ இயந்திரத்தையும் அறுவைசிகிச்சை மேஜையையும் ஒன்றாக வைத்தார்கள். நோயாளியை ஒருமுறைகூட மாற்றிப் படுக்கவைக்கத் தேவையில்லை. அதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு 2019ல் அவர்கள் வெளியிட்ட கணக்கில், சி.டி. தொடங்கும் நேரம் 26 நிமிடத்திலிருந்து 11 ஆகவும், அவசரச் சிகிச்சை தொடங்கும் நேரம் 68லிருந்து 47 ஆகவும் குறைந்தது. நம் ஊரில் அப்படியொரு அறைக்கு ஆகும் செலவை நினைத்துப் பெருமூச்சு விடலாம். ஆனால் ட்ராலியில் நோயாளி வரும்போதே ஐ.ஆர். மருத்துவருக்கு (எம்போலைசேஷன் செய்யும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட்டுக்கு) ஒரு போன் போடுவதற்குச் செலவில்லை. அமெரிக்க அறுவைசிகிச்சைக் கல்லூரி தன் ட்ராமா மையங்களுக்கு வைத்திருக்கும் விதி, கேட்டதிலிருந்து தமனியைக் குத்துவதுவரை 60 நிமிடம்.

பெருந்தமனிக்குள் பலூன் ஊதிக் கீழே போகும் ரத்தத்தை நிறுத்தும் உத்தி மீது ஒரு காலத்தில் இருந்த மோகம் இப்போது தணிந்துவிட்டது. 2023ல் வந்த பிரிட்டிஷ் ஆய்வில் 90 நாள் இறப்பு பலூன் வைத்தவர்களில் 54 சதவீதம், வைக்காதவர்களில் 42.

தியேட்டரில் செய்யவேண்டியதும் கொஞ்சம்தான். கிளாஸ்கோ அறுவைசிகிச்சை மருத்துவர் பிரிங்கிள் 1908ல் எழுதியபடி, கல்லீரலுக்குள் நுழையும் தமனியையும் போர்ட்டல் சிரையையும் சேர்த்து விரலாலோ கிளாம்ப்பாலோ இறுக்கிப் பிடிப்பது. கசிவு நின்றால் அது தமனி அல்லது போர்ட்டல் ரத்தம். நிற்காமல் கல்லீரலுக்குப் பின்னாலிருந்து கருஞ்சிவப்பாகப் பெருகினால் ஹெபாடிக் சிரையோ பெருஞ்சிரையோ கிழிந்திருக்கிறது. சி.டி.யிடம் கேட்ட அதே கேள்விக்கு இங்கே விரல்களுக்கிடையே பதில் கிடைக்கிறது. பிறகு பேக்கிங், அதாவது துணி மாப்புகளை வைத்து அழுத்துவது. கிழிசலுக்குள் மாப்பைத் திணிக்கக்கூடாது, அது கிழிசலை அகலமாக்கும். கல்லீரலுக்கு மேலும் கீழும் வைத்து இரண்டு பாதிகளையும் சேர்த்து அமுக்கவேண்டும். அளவுக்கு மீறி வைத்தால் பெருஞ்சிரை நசுங்கி இதயத்துக்கு ரத்தம் திரும்பாமல் பிரஷர் விழும். மயக்க மருத்துவர் ‘திடீர்னு இறங்குது’ என்றால் முதலில் ஒரு மாப்பை எடுத்துப் பார்க்கவேண்டும்.

பேக்கிங் சிரையை நிறுத்தும், தமனியை முழுதாக நிறுத்தாது. ஆகவே வயிற்றைத் தற்காலிகமாக மூடியதும் அங்கிருந்தே கேத் லேப். அறுவைசிகிச்சையும் எம்போலைசேஷனும் ஒன்றுக்கொன்று போட்டி என்று நினைக்கிற இடங்களில் இந்த இரண்டாவது பயணம் நடப்பதேயில்லை. ‘நாங்க ஆபரேஷன் பண்ணிட்டோம், ஐ.ஆர். எதுக்கு’ என்று விட்டுவிடுவார்கள். இரவு முழுக்க ட்ரெய்னில் (வடிகுழாயில்) சிவப்பு வரும், காலையில் மறுபடி வயிற்றைத் திறப்பார்கள்.

எல்லா வழியிலும் கூடவே ஓடவேண்டியவை: காயம்பட்ட 3 மணி நேரத்துக்குள் ட்ரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம் 10 நிமிடத்தில், அடுத்த 1 கிராம் 8 மணி நேரத்தில். சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் ஒன்றுக்கொன்று சமமாக. ஏற்றுகிற ரத்தத்திலுள்ள சிட்ரேட் கால்சியத்தை இழுத்துக்கொள்வதால் கூடவே கால்சியம். ஏ.சி. 18 டிகிரியில் ஓடும் கேத் லேப்பில் நோயாளியைப் போர்த்துவதற்கு ஒரு வார்மர். கடைசியில் சொன்னதைத்தான் பெரும்பாலும் மறப்பார்கள். 34 டிகிரிக்குக் குளிர்ந்த ரத்தம் காயிலில் ஒழுங்காக உறையாது.

பிறகு வரும் இரண்டு வாரம்

எம்போலைசேஷனுக்கு மறுநாள் கல்லீரல் என்சைம்களான எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ஆயிரக்கணக்கில் ஏறும். அதனால் மட்டும் பதற வேண்டாம், மூன்றாம் நாளிலிருந்து இறங்கவேண்டும். இறங்காமல் லாக்டேட்டும் பிலிருபினும் சேர்ந்து ஏறினால் கல்லீரல் சாகிறது என்று பொருள். சிறுநீர்ப்பையில் 25 மி.லி. உப்புநீர் விட்டு வயிற்றழுத்தத்தை 4 மணிக்கொரு முறை அளக்கவேண்டும். 20 மி.மீ. பாதரசத்தைத் தாண்டி, சிறுநீரும் குறைந்தால் வயிற்றைத் திறந்து அழுத்தத்தை விடுவிக்க நேரும். கத்தியே வேண்டாம் என்று தொடங்கிய சிகிச்சையில் இது தோல்வியாகத் தோன்றுவதால் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போட்டால் சிறுநீரகமும் போகும்.

மூன்று முதல் ஐந்தாம் நாளில் வயிறு உப்பி, வலி கூடி, நாடி 120ல் நின்றால் பித்தநீர் வயிற்றுக்குள் கசிகிறதா என்று பார்க்கவேண்டும். ட்ரெய்ன் நீரில் பிலிருபின் ரத்தத்திலிருப்பதைப் போல மூன்று மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் சந்தேகம் தீர்ந்தது. லாப்ராஸ்கோபி வழியாக உறைந்த ரத்தத்தையும் பித்தத்தையும் கழுவி ஒரு ட்ரெய்ன் வைத்தால் ஒரே நாளில் நோயாளி வேறு ஆளாகத் தெரிவார். கசிவு நிற்காவிட்டால் ஈ.ஆர்.சி.பி. (வாய்வழி எண்டோஸ்கோப்பால் பித்தநாளத்தை அடையும் முறை) செய்து ஸ்டென்ட், 4 முதல் 6 வாரம். தேங்கிய பித்தப்பொதியை அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசிவழிக் குழாயால் வடிக்கலாம்.

சி.டி.யைப் படிக்கிறவர் ஏமாறுகிற ஒரு இடம் உண்டு. ஜெல்ஃபோம் போட்ட பகுதியில் முதல் சில நாட்கள் காற்றுக்குமிழிகள் தெரியும். அந்தப் பொருளோடு உள்ளே போன காற்று அது. ‘சீழ்க்கட்டி’ என்று எழுதி ஊசி குத்தவைத்தால் சுத்தமாக இருந்த இடத்தில் கிருமியை நாமே கொண்டுபோய் வைத்ததாகிவிடும். அதே காற்று இரண்டாம் வாரத்தில் கூடியிருந்து, காய்ச்சலும் இருந்து, சுற்றிலும் விளிம்பு கட்டியிருந்தால் அது உண்மையான சீழ். என்ன போட்டார்கள், எந்த நாளில் போட்டார்கள் என்பது ரேடியாலஜிஸ்ட்டின் கையிலிருக்கும் ரெக்விசிஷன் சீட்டில் எழுதியிருந்தால்தான் அவரால் பிரித்துச் சொல்லமுடியும்.

ஏழு முதல் பத்தாம் நாளுக்குள் இன்னொரு சி.டி. எடுக்கவேண்டும் என்று நான் வாதிடுவது புதிதாகத் தோன்றும் சூடோ அனூரிசத்துக்காக. அது பித்தநாளத்துக்குள் வெடித்தால் வலது மேல்வயிற்று வலி, மஞ்சள் காமாலை, கறுப்பு மலம் அல்லது ரத்த வாந்தி என்ற மூன்றும் வரும். ஜெர்மன் மருத்துவர் குவின்கே 1871லேயே எழுதிய மூன்று அடையாளங்கள் இவை. மூன்றும் ஒன்றாக வருவது குறைவு. கறுப்பு மலம் மட்டும் வந்து, எண்டோஸ்கோபியில் புண் ஒன்றும் இல்லை என்று திருப்பியனுப்பப்படுவதுதான் அதிகம். தமிழ்நாட்டில் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சாலை விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஒரு வரம்புக்குள் அரசு ஏற்கிறது. அந்த 48 மணி நேரம் உண்மையிலேயே பல உயிர்களின் எல்லைதான். கல்லீரல் காயத்தின் இரண்டாவது ஆபத்து வருவது அதற்குப் பிறகு, பெரும்பாலும் வீட்டுக்குப் போன பிறகு. செலவுக்குப் பயந்து ஐந்தாம் நாளே ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று கிளம்புகிறவரிடம் பத்தாம் நாள் சி.டி.யை விளக்குவது எளிதல்ல. ஆனாலும் எழுதிக் கொடுத்துவிடவேண்டும். கறுப்பு மலம், கண் மஞ்சள், காய்ச்சல், தோள்பட்டை வரை ஏறும் வலி, இதில் எது வந்தாலும் பக்கத்து கிளினிக்குக்குப் போகாமல் நேரே இங்கே வரவேண்டும், மூன்று மாதம் கபடி, பாரம் தூக்குதல், பைக் வேண்டாம் என்று தமிழில், ஒரே பக்கத்தில்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘எம்போலைசேஷன் செய்யப்பட்டது’ என்று ஒரு வரி போதாது. எந்தத் தமனியின் எந்தக் கிளை, எத்தனையாவது செக்மென்ட், என்ன பொருள், எந்த அளவு, கழுத்துக்கு அப்பாலும் இப்பாலும் அடைத்தார்களா, வலது ஹெபாடிக் தமனி எங்கிருந்து கிளம்பியது, பித்தப்பைத் தமனியும் போர்ட்டல் சிரையும் கடைசிப் படத்தில் திறந்திருந்தனவா என்று எழுதவேண்டும். மூன்றாம் வாரம் ஒரு ராத்திரி அவர் வேறு ஊர் மருத்துவமனையில் ரத்த வாந்தியோடு வந்தால், அங்கே இருக்கிற ஐ.ஆர். மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்துதான் முடிவெடுப்பார்: பழைய வழியிலேயே போகலாமா, இடது ஹெபாடிக் தமனியிலிருந்து சுற்றி வரவேண்டுமா, அல்லது அல்ட்ராசவுண்ட் வைத்து விலாவுக்கிடையே நேராக அந்தப் பையைக் குத்திப் பசை செலுத்தவேண்டுமா என்று.